ராகிக்கு வந்த சீர்த்தட்டு

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை வந்து ராகியை அழைத்துப் போகிறேன், அது தயாரா என்று நேற்றுப் போனில் கேட்டாய். ராகி தயார். பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டது. சோற்றை இரண்டு பக்கமும் போட்டு மெல்லுகிறது. காலையில் பேப்பர் போடுகிறவரைப் பார்த்துப் பழைய குரலில் குரைக்கிறது. தயாராகாதது நீதான். அதைப் போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன். நீ "சரிப்பா, சரிப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தச் 'சரி' ஒரு வியாதி. எதிரில் இருப்பவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் உனக்கு. அதனால் எழுதுகிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நல்லதாகப் போயிற்று, அவசரமாகப் புரட்டித் தள்ள முடியாது. தடுக்கிய இடத்தில் திவ்யாவைக் கேள். உன் மனைவி உன்னைவிட நன்றாகத் தமிழ் படிக்கிறாள். அவள் படிக்கக் கூடாதது இதில் எதுவும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ மாமியார் வீட்டு மாடியில் குடிபோனதில் எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை. நீலசந்திராவில் நம் சந்து முழுக்க 'வீட்டோட மாப்பிள்ளையா' என்று கேட்டார்கள். உன் அம்மா, "ஆமா, மல்லேஸ்வரத்துல மாடி வீடு, உங்க வூட்ல யாராச்சும் குடுத்தா சொல்லுங்க" என்று ஒரே பேச்சில் வாயடைத்துவிட்டாள். திவ்யாவின் அப்பா போன பிறகு அந்த அம்மாள் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக எப்படி இருப்பார்கள்? நீ போனது நியாயம். "நாயும் கூட வரும்" என்று நீ தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர்கள் சொன்ன பதிலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முட்டைகூட நுழையாத வீடு அது. "அது பிராணி, அதுக்கு என்ன வேணுமோ மாடியில போட்டுக்கோங்க. கீழ சமையல்கட்டுக்குள்ள மட்டும் பேடா, வேண்டாம்" என்றார்கள். எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள்? நல்ல மனுஷி. இனி நான் எழுதப் போவதையெல்லாம் படிக்கும்போது இதை மறந்துவிடாதே.

கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் சீர் கொண்டுவந்த நாளை நினைத்துப் பார். கார் நம் சந்துக்குள் நுழையாது என்பதால் மெயின் ரோட்டிலேயே இறங்கி, தட்டுகளைக் கையில் ஏந்தி வரிசையாக நடந்து வந்தார்கள். பழம், தேங்காய், மைசூர்பாகு, உனக்குச் சட்டைத் துணி, அம்மாவுக்குப் புடவை. கடைசியாகச் சம்பந்தியம்மாவே தன் கையால் ஒரு தட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் மஞ்சள் நிறத்தில் கட்டை கட்டையாக ஏதோ உறையோடு அடுக்கி, நாடா கட்டி, மேலே குங்குமம் வைத்திருந்தது. "இது ராகிக்கு" என்றார்கள். யாக் மாட்டுப் பாலைக் காய்ச்சித் திரித்து, பிழிந்து, காயவைத்து, நாய் மெல்லுவதற்கென்று விற்கிற ச்யூ அது. மாமிசமும் இல்லை, நாய்க்கும் பிடிக்கும் என்று கடை கடையாக விசாரித்து வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ராகி நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. நம் வீட்டில் நாய்க்குச் சீர் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

தட்டை வாங்கி உள்ளே வைக்கும்போது ஒரு கட்டை சரிந்து எவர்சில்வர் தட்டில் விழுந்தது. 'டங்' என்று ஒரு சத்தம். பீன்யாவில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். கம்பெனிக்குள் வருகிற சரக்கைச் சோதித்து, சரியாக இருந்தால் உள்ளே விடுவது, இல்லாவிட்டால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவது. தலைமுடி நரைத்ததே அந்த வேலையில்தான். இரும்புக் கம்பி கீழே விழுகிற சத்தத்திலேயே அது கெட்டியா, மிருதுவா என்று சொல்லிவிடுவேன். ஒரு ஆயுதபூஜை அன்று, முதலாளியின் மச்சான் அனுப்பிய லோடு மாலை போட்டுப் பொட்டு வைத்து ஸ்வீட் பெட்டியோடு வந்தது. "இன்னைக்கி ஒரு நாள் விட்டுடுங்க சார்" என்றார்கள். நான் ஸ்வீட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அரத்தை எடுத்துக் கம்பியை ராவிப் பார்த்தேன். அரம் பிடிக்காமல் வழுக்கியது, கம்பி வேண்டியதைவிடக் கெட்டி. லோடு திரும்பிப் போயிற்று. அப்படிப்பட்டவன் அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். "இது ரொம்பக் கெட்டியா இருக்கே" என்று உன் அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். "சீர்த்தட்டுல வந்தத நோண்டிப் பாப்பாங்களா? சும்மா இருங்க. அவங்க காதுல வுழப் போவுது" என்றாள். நம் பக்கத்தில் அப்படித்தான். சீரில் வந்த புடவையைப் பிரித்துப் பார்க்க மாட்டோம், பழத்தை அமுக்கிப் பார்க்க மாட்டோம். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கல்யாண வேலையில் எல்லோரும் அலைந்துகொண்டிருக்கும்போது ராகி அந்தக் கட்டையோடு மூலையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் 'டக்' என்றது. கட்டைதான் உடைந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் தட்டில் சோறு அப்படியே இருந்தது, எச்சிலில் சிவப்பு. நீதான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனாய், நானும் வந்தேன். டாக்டரம்மா வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார்கள். மேல் வரிசையில், பின்னால், இறைச்சியைக் கத்தரிக்கிற பெரிய பல், பாதியாகப் பிளந்து தொங்கியது. மயக்கம் கொடுத்து மிச்சத்தையும் எடுக்க வேண்டும் என்றார்கள். "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார்கள். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்றைக்கே சம்பந்தியம்மா போன் பண்ணினார்கள். கிளினிக் வாசலில், உள்ளே ராகி மயக்கத்தில் கிடக்கும்போது, நீ சிரித்த குரலில் சொன்னாயே, "ரொம்பப் பிடிச்சிடுச்சு ஆன்ட்டி, விடவே மாட்டேங்குது." போனை வைத்துவிட்டு என்னிடம், "கல்யாண நேரத்துல சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும்பா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கல்யாணம் முடிந்தது. நீ மல்லேஸ்வரம் போனாய். புண் ஆறும்வரை ராகி இங்கே தங்கியது. 'அப்புறம்' மட்டும் வரவே இல்லை. ராகிக்குப் பிடித்தது என்று நீ சொன்னதை நம்பி அவர்கள் ஒரு பெட்டி நிறைய அதே கட்டையை வாங்கி வைத்திருக்கிறார்களாம். "நான் ஒளிச்சு வெச்சுடறேன்பா, டெய்லி ஒண்ணு எடுத்துக் குப்பையில போட்டுட்டா தெரியாது" என்கிறாய். நீ ஆபீசுக்குப் போன பிறகு அவர்கள் ஆசையாக ஒன்றை எடுத்து நீட்டினால்? ராகி வேண்டாம் என்று சொல்லுமா? அதற்கு மேல் வரிசையில் மறுபக்கம் அந்த மாதிரி ஒரு பெரிய பல்தான் பாக்கி. அதுவும் போனால் பிறகு கஞ்சிதான்.

இந்த நாட்களில் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ராகிக்கு எதை மெல்லக் கொடுப்பது என்று கடைகடையாகப் பார்த்தேன். நானும் உன் அம்மாவும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துணிக்கடைகளைத் தாண்டி ஒரு கடைக்குப் போனோம். சுவர் முழுக்கப் பாக்கெட். எல்லாவற்றின் முன்னாலும் ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. 'நேச்சுரல்' என்று எழுதாத பாக்கெட் ஒன்றுகூட இல்லை. எனக்கு அந்த வார்த்தையைப் பார்த்தாலே எரிச்சல். பாம்பு விஷம்கூட நேச்சுரல்தான். ஒரு பாக்கெட்டின் முன்னால் கோழி படம் போட்டிருந்தது.

"இதுல சிக்கன் இருக்கா?" என்று கேட்டேன்.

"சிக்கன் ஃப்ளேவர் சார்."

"சிக்கன் இருக்கான்னு கேட்டேன்."

"வாசனை வரும் சார்" என்றார் கடைக்காரர், மோந்து காட்டினார்.

"வாசனைய வெச்சுக்கினு இன்னாத்த மெல்றது" என்றாள் உன் அம்மா. அவர் அதற்குப் பிறகு எங்களைத் தனியாக விட்டுவிட்டார். நாங்கள் பாட்டுக்குப் படித்தோம்.

நீயும் படிக்க வேண்டியவன், அதனால் சொல்கிறேன். பாக்கெட்டின் முன்பக்கத்தை நாய்க்குக் காட்டு, பின்பக்கத்தை நீ படி. என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்பதை எடை அதிகமானது முதலில் வருகிற மாதிரிதான் எழுதுவார்கள். அந்தக் கோழிப் பாக்கெட்டில் முதலில் கோதுமை மாவு, அடுத்து ஸ்டார்ச், அடுத்து கிளிசரின், அப்புறம் சர்க்கரை, உப்பு, நிறம், கடைசியில் கோழி வாசனை. மெத்தென்று இருப்பதற்குக் கிளிசரின், நம் கண்ணுக்காக நிறம். நாய்க்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது, பிறகு யாருக்காகச் சிவப்பு? இன்னொன்றில் 'மாமிசம் மற்றும் விலங்குப் பொருட்கள்' என்று மொட்டையாகப் போட்டிருந்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் சரக்கை நான் கம்பெனிக்குள்ளேயே விட்டதில்லை. வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி இருந்தால் அப்படியே வைத்துவிடு, நாய்க்கு ஆகாது. சர்க்கரை இல்லை என்று பெருமையாகப் போட்டிருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பார். சைலிட்டால் என்று ஒரு இனிப்பு இருக்கிறது, நமக்கு ஒன்றும் செய்யாது, நாயைக் கொன்றுவிடும்.

அடுத்தது எண்கள். புரதம் குறைந்தது இவ்வளவு, நார்ச்சத்து அதிகபட்சம் இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும். இதில்தான் நான் ஏமாந்தேன். புரதம் எதில் அதிகமோ அதுதான் சத்து என்று நினைத்து, எலும்பு மாதிரி முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் ச்யூவை ஒருநாள் வாங்கி வந்தேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது மாட்டுத் தோல். உங்க பெல்ட்லயும் புரோட்டீன் இருக்கு. அதுக்காக சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார்கள். எண் பெரிதாக இருக்கிறது, ஆனால் லேசில் செரிக்காது. பெரிய துண்டாக விழுங்கினால் குடலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரத்தையும் கவனி. மெத்தென்ற ச்யூவில் பாதிக்குத் தண்ணீராக இருந்தால் புரதம் குறைவாகத்தான் தெரியும், காய்ந்ததில் அதிகமாகத் தெரியும். தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். பிறகு கலோரி. பல பாக்கெட்டில் அது இருக்கவே இருக்காது. நாம் முறுக்கைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காத மாதிரி ச்யூவையும் சேர்க்காமல் விடுகிறோம். ஒரு நாளைக்கு ராகி சாப்பிடுவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரித் தீனி போகக் கூடாது, போட்டால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும் என்றார்கள். உன் அம்மா உடனே என் தட்டைப் பார்த்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, வீட்டுக்கு வந்து அந்தச் சீர்த்தட்டு ச்யூவின் உறையைத் தேடி எடுத்தேன். குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பின்பக்கத்தைப் படித்தேன். யாக் பால், பசும்பால், எலுமிச்சைச் சாறு, உப்பு. அவ்வளவுதான். மாவு கிடையாது, நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புரதம் நிறைய, கொழுப்பு கொஞ்சம். அந்தக் கடையில் இருந்த அத்தனை பாக்கெட்டிலும் இவ்வளவு சுத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா தப்பான பொருளை வாங்கவில்லை, பிரபு. நான் பார்த்ததிலேயே நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கட்டை எவ்வளவு கெட்டி என்பதை எந்தப் பாக்கெட்டும் எழுதுவதில்லை. அதற்கு டாக்டரம்மா ஒரு வழி சொன்னார்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும், நகம் கொஞ்சமாவது பதிந்தால் கொடுக்கலாம், பதியாவிட்டால் அந்த நாய்க்கு அது கல். எங்கள் கம்பெனியிலும் இதேதான். சரக்கோடு சர்டிஃபிகேட் வரும், எல்லாம் அழகாக எழுதியிருக்கும். அது விற்றவர் சொல்வது. அரத்தை வைத்துப் பார்ப்பது நம் வேலை. நல்ல இரும்பாகவே இருந்தாலும் நம் மெஷினுக்கு ஆகாவிட்டால் ஆகாதுதான். அதைச் சொன்னால் இரும்புக்கு அவமானம் இல்லை.

இதை நீ சொல்லப் பழக வேண்டும். கல்யாணமான புதிதில் உன் அம்மா முதல்முதலாகக் கீரை கடைந்து வைத்தாள். வாயில் வைத்தால் நறநறவென்று மண். பக்கத்தில் அவள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். "கீரையில மண்ணு" என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் வாய் கொஞ்சம் நீளம்தான், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நான் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அவள் இரண்டாவது தடவை கேட்பதில்லை. நம்பி இன்னொரு கரண்டி போடுகிறாள். நீ சொல்கிற 'சூப்பர்' எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த ஒரு கரண்டிக்கு ஈடாகாது.

இப்போது இன்று காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ ஆபீசுக்குப் போன பிறகு சம்பந்தியம்மா நம் வீட்டுக்கு வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல், பஸ் பிடித்து, தனியாக. "ராகியப் பாக்காம இருக்க முடியல அண்ணா, சும்னே, சும்மாதான் வந்தேன்" என்றார்கள். ராகி ஓடிப்போய் அவர்கள் காலைச் சுற்றியது. நாய் வளர்த்தே பழக்கமில்லாதவர்கள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பயமும் சிரிப்புமாக நின்றார்கள். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார்கள். அதே மஞ்சள், அதே நாடா. ராகி வாலை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்துவிட்டது.

நான் எழுந்துபோய் அவர்கள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டேன். உன் அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். நான் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். பதியவில்லை. அவர்களிடமே கொடுத்து, "நீங்க அமுக்கிப் பாருங்கம்மா" என்றேன். பார்த்தார்கள். பிறகு ராகியின் உதட்டைத் தூக்கிப் பல் இல்லாத இடத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் விழுந்த சத்தம், நான் வாயை மூடிக்கொண்டது, கிளினிக், எல்லாம். உன் போனைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட நினைத்தேன். விட முடியவில்லை, அவர்களே கேட்டுவிட்டார்கள்.

"அன்னைக்கு மாப்பிள்ளை, விடவே மாட்டேங்குதுன்னாரே அண்ணா?"

"உங்க மனசு கஷ்டப்படும்னு அப்படிச் சொல்லிட்டான்மா."

"ஹௌதா, அப்படியா" என்றார்கள். பிறகு ராகியின் தலையைத் தடவினார்கள், முதல் தடவையாகப் பயமில்லாமல். "நானே பல்லுக்குப் பயந்து முறுக்கைப் பால்ல ஊறப்போட்டுச் சாப்பிடறவ. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? பெட்டி நெறைய வாங்கி வெச்சிருக்கேனே" என்றார்கள். கண் கலங்கியிருந்தது. டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னேன். அதைச் சின்னத் துண்டாக உடைத்து மைக்ரோவேவில் வைத்தால் பொரிந்துவிடும், நன்றாக ஆறிய பிறகு கொடுத்தால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. "அப்பளம் மாதிரியா?" என்று கேட்டு முகம் கொஞ்சம் தெளிந்தது. வீணாகப் போகவில்லை என்பதில் ஒரு நிம்மதி. உன் அம்மாவும் அப்போதுதான் பெருமூச்சு விட்டுக் காபி போட உள்ளே போனாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர்கள் மெதுவாக ஒன்று கேட்டார்கள்.

"அண்ணா, மாப்பிள்ளை தினமும் என் சாம்பார் சூப்பர்னு சொல்றார். அதுவும் இப்படித்தானா?"

நான் என்ன சொல்வேன், சொல். ஒவ்வொரு ஞாயிறும் நீ இங்கே வந்து, "சாம்பாரா அது, வெல்லம் போட்டுப் பாயசம் மாதிரி வெக்கறாங்கம்மா" என்று புலம்பிவிட்டு, பஞ்சத்தில் அடிபட்டவன் போல் சாப்பிடுகிறாய். இந்த ஞாயிறு ராகியின் சாமான் பையில், துண்டுக்கு அடியில், ஒரு பாட்டில் காரக்குழம்பு வைத்துக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். உன் அம்மா தரையைப் பார்த்தாள். நான் ராகியைப் பார்த்தேன். எங்கள் முகத்திலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எனக்குச் சர்க்கரை இருக்கு அண்ணா" என்றார்கள். "திவ்யா அப்பா இருக்கும்போதுதான் வெல்லம் போட்டு வெப்பேன். அவருக்கு அது இல்லாம எறங்காது. அவர் போனப்புறம் வெல்லத்தை வீட்லயே வாங்கறதில்ல. திவ்யாக்கும் பிடிக்காது. மாப்பிள்ளை வந்த மொத நாள், விருந்தாச்சேன்னு போட்டேன். நல்லா இருக்குன்னார். ரெண்டாம் நாளும் நல்லா இருக்குன்னார். சரி, அவருக்கும் இதுதான் பிடிக்குது போலன்னு தினமும் போடறேன். தனியா எனக்கு ஒண்ணு வெக்கறதில்ல, அதையே நானும் சாப்பிடறேன். போன வாரம் டெஸ்ட் எடுத்தப்போ டாக்டர் திட்டினார். யார்கிட்டயும் சொல்லல, மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும்னு."

ராகி அவர்கள் காலடியில் படுத்துக்கொண்டு, நான் வாங்கிய மெத்தென்ற ச்யூவை நல்ல பக்கத்தால் மென்றுகொண்டிருந்தது. சம்பந்தியம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, நான் சொன்னதாக உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீயாகச் சொல்வாய் என்று காத்திருப்பார்களாம். அதனால்தான் நான் இதை எழுதுகிறேன். அவர்கள் காத்திருக்கட்டும் என்று என்னால் விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. ராகியின் பை தயாராக இருக்கும். அதில் துண்டு, சோற்றுத் தட்டு, நகம் பதிகிற ச்யூ எல்லாம் இருக்கும். காரக்குழம்புப் பாட்டில் இருக்காது, அம்மா தரமாட்டாள். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது, அந்தச் சாம்பாரை ஊற்றிக்கொள்வதற்கு முன்னால், எனக்கு வெல்லம் வேண்டாம்மா என்று சொல்லிவிடு. நீ சொல்லிவிட்டாய் என்று அவர்களே எனக்குப் போன் பண்ணிச் சொல்லட்டும். அதுவரை ராகி இங்கேதான் இருக்கும்.

அப்பா